சேர்மன்

நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு தனி.
திருச்சி விமான நிலையத்தில்
அட்டையைப் பிடித்தபடி நின்றேன்:
ஈவர்ட் ப்ரான்ஸ்மா.
நெதர்லாந்தின் முன்னாள் நீர்வளத்துறை அமைச்சர்.
இந்நாளில் ஒரு பம்பு கம்பெனித் தலைவர்.

ஆறடி நாலங்குலம். ஒரே பெட்டி.
தூக்க வந்த டிரைவர் பன்னீரிடம் தராமல்
தானே இழுத்துப் போனார்.
பதவி போன பின் வந்த பழக்கமா
பதவியிலேயே இருந்ததா,
கேட்கக் கூச்சமாக இருந்தது.

தஞ்சாவூர் தாண்டும்வரை பேச்சில்லை.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம்.
சரக்கு வண்டி இஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது.
அங்கேதான் கதை வந்தது:
ஆற்றுக்கு இடம் வேண்டுமென்று
கரையை ஊருக்குள் தள்ளிப்போட உத்தரவிட்டாராம்.
பதினேழு பண்ணை வீடுகள் போயின.
நகரம் மிஞ்சியது. ஓட்டு மிஞ்சவில்லை.
"வராத வெள்ளத்துக்கு
யார் வந்து நன்றி சொல்வார்கள்?"
இரண்டு வருடம் தோட்டத்தில் முள்ளங்கி போட்டார்.
மூன்றாம் வருடம் பம்பு.
சம்பளம் ஆறு மடங்கு.
அதையும் சொன்னார்,
நெல் விலை சொல்வதுபோல.

எங்கள் பக்கம் வேறு மாதிரி என்றேன்.
அரிசி ஆலை வைப்பார், சூளை போடுவார்,
நாலு பஸ் விடுவார்,
அப்புறம்தான் தேர்தலில் நிற்பார்.
சிரித்தார். "அதே பாலம்தான்.
நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தேன்."

நாகப்பட்டினத்தில் உங்கள் ஆட்களின்
பழைய கல்லறைகள் இருக்கின்றன, பார்க்கிறீர்களா?
வேண்டாம், வாய்க்கால் போதும் என்றார்.

ஆவுடையான்மூலை. கடைமடை.
கடைமடைக்கு இங்கிலீஷ் தேடித் தோற்று
"எல்லோரும் குடித்த பிறகு இவர்கள்"
என்று சொல்லிவைத்தேன்.

சட்ரஸில் ஒன்பது கண். ஏழாவது மூடாது.
லஸ்கர் வைரக்கண்ணு சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்;
சக்கரம் சுற்றியது, பலகை இறங்கவில்லை.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்
கடல் அந்த ஒரு கண் வழியே ஏறிவந்து
சம்பா வயலை நக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.

யாரு இவரு என்றார்கள்.
சேர்மன் என்றேன். கம்பெனி என்ற சொல்
வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.
தப்பு என்னுடையது.
இங்கே சேர்மன் என்றால் ஒன்றியச் சேர்மன்.

பாக்கியவதி முன்னால் வந்து
மனுவை நீட்டினார், இரண்டு கையாலும்.
அவர் வாங்கினார், இரண்டு கையாலும்.
பம்பு விற்க வந்தவர் கை அல்ல அது.
மடிக்கவில்லை. பக்கத்து ஆளிடம் தள்ளவில்லை.
தலைகீழாகப் பிடித்திருந்ததை நான்தான் திருப்பினேன்.
ஓர் எழுத்தும் தெரியாமல்
முதல் வரியிலிருந்து கைநாட்டு வரை
மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மும்பை மேலாளர் ஷிண்டே என் காதருகே:
"வாங்க வேண்டாம் என்று சொல்.
நாம் விற்க வந்திருக்கிறோம்."
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
மூவாயிரத்து ஐந்நூறில் அது வராது.

இரவு விடுதியில் மனுவை வாசிக்கச் சொன்னார்.
பம்பு வேண்டுமென்று எங்காவது இருக்கிறதா?
இல்லை. ஒரு பலகை இறங்க வேண்டும், அவ்வளவுதான்.
நோட்டில் ஏதோ குறித்தார், அடித்தார்.
யாரிடம் கொடுக்க வேண்டும் இதை?
கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை.

திங்கட்கிழமை அவர் தன் ஊரில் இருந்தார்.
நான் வரிசையில் இருந்தேன், நூற்றுப் பதினாறாவது ஆளாக.

பதினெட்டு நாளில் பதில் வந்தது:
'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.'
காசு வாங்காமல் மொழிபெயர்த்து அனுப்பினேன்.
அவர் எழுதினார்:
"தெரிந்த வாக்கியம். பதினோரு வருடம்
அதன் கீழே என் கையெழுத்து இருந்தது."
கொஞ்சம் இடம் விட்டு,
"ஏழாவது கண்?"

அன்று பௌர்ணமி.
வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டேன்.
எடுத்தார், பேசவில்லை.
போனைத் தண்ணீர்ப் பக்கம்
நீட்டிப் பிடித்திருந்தார் போல.